பைக்குக்குப் புது பிரேக் பேட் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கில் டயருக்கு அடுத்தபடியாக நம் உயிரைப் பிடித்து நிறுத்துவது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ஜோடி பிரேக் பேட்தான். ஆனால் வண்டியை சர்வீஸுக்கு விடும்போது “பேட் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். என்ன பேட் போட்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. என் 150 சி.சி. பைக்குக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக நானே பேட் மாற்றிவருகிறேன். உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேட் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

இதற்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் பைக்கும், திருச்சி–மதுரை நான்கு வழிச் சாலையில் ஓடும் பைக்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கிலோமீட்டரை விட்டுவிட்டுத் தடிமனைப் பாருங்கள்.

சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடுதான் டிஸ்க், அதை இரு பக்கமும் கவ்வியிருப்பது கேலிப்பர். கைபேசியின் டார்ச்சை கேலிப்பரின் இடுக்கில் அடியுங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் இரண்டு இரும்புத் தகடுகள் தெரியும். தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கருமையாகவோ செம்பு நிறத்திலோ இருப்பதுதான் உராய்வுப் பொருள். பெரும்பாலான பைக்குகளின் கையேடு 1 மில்லிமீட்டரைக் கடைசி எல்லையாக வைக்கிறது. நான் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். அந்த இடுக்கில் ஸ்கேல் நுழையாது. ஒரு ரூபாய் நாணயம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். நாணயம் அளவுக்குத்தான் பொருள் மிச்சம் என்றால் அந்த வாரமே கடைக்குப் போக வேண்டும். பல பேட்களில் நடுவே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் மறைந்துவிட்டாலும் அதே அர்த்தம்தான்.

இரண்டு பேட்களையும் பாருங்கள். ஒன்று பாதிதான் தேய்ந்திருக்க, மற்றொன்று தகடு வரை வந்துவிட்டதென்றால் கேலிப்பரை நகரவிடும் கம்பி, அதாவது பின், துருப்பிடித்து இறுகியிருக்கிறது, அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே திரும்பாமல் சிக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும்.

லீவரை நிறைய அழுத்த வேண்டியிருக்கிறது. பேட் தேய்ந்துவிட்டதா?

அநேகமாக இல்லை. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிரம் பிரேக்கில் லைனிங் தேயத் தேய பெடலின் ஆட்டம் கூடும், நாம் நட்டை முறுக்கிச் சரிசெய்வோம். அந்தப் பழக்கத்தில் டிஸ்க்கையும் எடைபோடுகிறோம். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயும் அளவுக்கு பிஸ்டன் தானாக வெளியே வந்து இடைவெளியை நிரப்பிவிடும். அதனால் பேட் கடைசி மில்லிமீட்டருக்கு வந்தாலும் லீவர் பழைய இடத்திலேயே இறுகி நிற்கும். கை எதையும் காட்டிக்கொடுக்காது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

லீவர் பஞ்சு போல் உள்ளே போகிறதென்றால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் பழசாகிவிட்டது.

ஆனால் ஒரு அடையாளம் உண்டு. பிஸ்டன் வெளியே வரும்போது அதன் பின்னால் உள்ள இடத்தை நிரப்ப ஆயில் இறங்குவதால், ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் டப்பாவின் கண்ணாடியில் மட்டம் மெல்லக் குறையும். மட்டம் குறைந்ததைப் பார்த்தவுடன் ஆயில் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். முதலில் பேட்டைப் பாருங்கள். கசிவு எதுவும் இல்லை, பேட்தான் தேய்ந்திருக்கிறது என்றால் புது பேட் போட்டு பிஸ்டனைத் தள்ளியதும் மட்டம் பழைய இடத்துக்கு வந்துவிடும். நடுவில் நிரப்பி வைத்திருந்தால் அது பொங்கி வழிந்து டேங்க்கின் பெயின்ட்டை அரித்துவிடும்.

ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்ட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஆர்கானிக் பேட்டில் இழைகளையும் உராய்வுத் தூள்களையும் பிசினில் சேர்த்து அழுத்திச் சுட்டிருப்பார்கள். மிருதுவானது. டிஸ்க்கை அதிகம் தின்னாது, சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலும் இதமாகப் பிடிக்கும். சீக்கிரம் தேயும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிசின் வாயுவை விட ஆரம்பித்துப் பிடி தளரும்.

செமி மெட்டாலிக்கில் அதே பிசினோடு உலோக இழைகளும் தூளும் கலந்திருக்கும். வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

சின்டர்ட் பேட்டில் பிசின் கிடையாது. செம்பு முதலிய உலோகத் தூள்களை உயர் வெப்பத்தில் அழுத்தி ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். கடும் வெப்பத்திலும் பிடி விடாது, மழையில் நனைந்தாலும் சட்டென்று கடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். விலை அதிகம், டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும். இன்னொரு குணத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை: உலோகம் என்பதால் சூட்டை பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கு வேகமாகக் கடத்தும். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு சின்டர்ட் பேட் மட்டும் வாங்குவது பாதி வேலைதான்.

சரி, நான் எதை வாங்குவது?

வண்டியோடு வந்த பேட் எந்த வகையோ அதே வகை. வீட்டிலிருந்து அலுவலகம், வாரம் ஒருமுறை சந்தை, எப்போதாவது ஊர்ப் பயணம் என்று 100 முதல் 160 சி.சி. வண்டி ஓட்டுபவருக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. வண்டியின் எடை, டிஸ்க்கின் உலோகம், லீவரோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தரும் அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் தயாரிப்பாளர் அந்தப் பேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மாற்றி யோசிக்க வேண்டியவர்கள் இரண்டு விதம். அடிக்கடி மலை ஏறி இறங்குபவர்கள், எப்போதும் இருவராகச் சுமையோடு நெடுந்தூரம் போகிறவர்கள். இவர்கள் தங்கள் டிஸ்க் சின்டர்ட் பேட்டைத் தாங்குமா என்று உறுதிசெய்துகொண்டு மேலே போகலாம். அந்த மாடலுக்கு சின்டர்ட் பொருத்தலாம் என்று பேட் தயாரிப்பாளரின் பட்டியலே சொல்லியிருக்க வேண்டும். “பொருந்திவிடும் சார்” என்ற கடைக்காரர் வார்த்தை போதாது. அளவு பொருந்துவது வேறு, டிஸ்க் தாங்குவது வேறு.

மலைச் சாலைக்கு அப்படி என்ன தனித் தேவை?

பல ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மனைவி, மடியில் மலை வாழைப்பழப் பை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்திருப்போம். ஒரு வளைவுக்கு முன் லீவரைப் பிடித்தேன். லீவர் கல்லாக இறுகி நின்றது, வண்டி மட்டும் நிற்கவில்லை. இன்னும் பலமாக இறுக்கினேன். கருகிய ரப்பரும் பசையும் கலந்தது போன்ற நாற்றம் மூக்கில் ஏறியது. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, வளைவைக் கடந்து, தடுப்புச் சுவர் ஓரமாக நிறுத்தினோம். டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வாரத்துக்கு முன் ஒரு பட்டறையில் மாற்றிய, பெயர் இல்லாத மலிவு பேட் அது. நானே மாற்றக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். வண்டியும் இருவரும் சேர்ந்து 290 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 72 கிலோஜூல். அதே சுமையோடு ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் கழிய வேண்டிய ஆற்றல் சுமார் 2,840 கிலோஜூல். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அடுத்தடுத்து நாற்பது முறை நிறுத்தியதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினுக்கு வேலை கொடுக்காமல் நியூட்ரலிலோ உயர்ந்த கியரிலோ இறங்கினால் பாரம் முழுவதும் பேட் மேல் விழும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகளுக்கும், வால்பாறையின் 40 வளைவுகளுக்கும் இதுவே கணக்கு. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த பேட்டும் துணை நிற்காது.

மலையில் பிரேக் கைவிடுவது இரண்டு வகை. லீவர் இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடி தளர்ந்திருக்கிறது. லீவரே தொளதொளவென்று கைப்பிடி வரை போய்விட்டால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. முதலாவதற்குத் தீர்வு நல்ல பேட், இரண்டாவதற்குப் புது ஆயில். இரண்டிலுமே உடனே செய்ய வேண்டியது கியரைக் குறைத்து ஓரங்கட்டி ஆறவிடுவது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

பேட்டில் எஃப்.எஃப்., ஜி.ஜி., எச்.எச். என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளனவே?

அவை உராய்வுக் குறியீடுகள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் பேட்டின் பிடி, இரண்டாவது சூடேறிய நிலையில் அதன் பிடி. ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55, எச் 0.55க்கு மேல்.

நான் முதலில் பார்ப்பது இரண்டு எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைத்தான். முதல் எழுத்து ஜி, இரண்டாவது எஃப் என்றால் சூடேறும்போது பிடி குறைகிறது. மலை இறங்குபவர் அதைத் தவிர்க்க வேண்டும். எச்.எச். இருப்பதிலேயே உயர்ந்தது என்பதற்காக 110 சி.சி. வண்டிக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. லேசான வண்டியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாமல், ஈரச் சாலையில் அவ்வளவு வெடுக்கென்ற பிடி முன் சக்கரத்தையே பூட்டிவிடும். எந்தக் குறியீடும் எந்தத் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத பேட்டை விலை கேட்காமலே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்குத் தனிப் பேட் உண்டா?

இல்லை. ஏ.பி.எஸ். பார்ப்பது சக்கரம் சுற்றும் வேகத்தை. பேட் எந்த வகை என்பது அதற்குத் தெரியாது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், ஒரே பெயர் கொண்ட மாடலில் அதற்கு முன்பும் பின்பும் வந்த வண்டிகளுக்குக் கேலிப்பர் மாறியிருக்கலாம். அதை மட்டும் கவனியுங்கள்.

கடையில் என்ன சொல்லி வாங்குவது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய பேட்டைக் கழற்றி எடுத்துப் போங்கள், அல்லது எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் காது எந்தப் பக்கம், பின் நுழையும் ஓட்டை எங்கே, மொத்த நீளம் எவ்வளவு என்று புதியதன் மேல் வைத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எண்டூரன்ஸ், நிசின், பைபிரே என்று கேலிப்பரின் மேலேயே பெயர் இருக்கும். பைபிரே என்பது இத்தாலியின் பிரெம்போ நிறுவனம் சிறிய, நடுத்தர பைக்குகளுக்காக வைத்திருக்கும் பெயர். அந்தப் பெயரைச் சொன்னாலே கடைக்காரர் சரியான பெட்டியை எடுப்பார். வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு வழி. தனித் தயாரிப்பாளர்களின் பேட்டும் நல்லதுதான். பிரேக் லைனிங்கில் அம்பத்தூரும் பாடியும் நாடறிந்த பெயர்கள், ரானே அங்கிருந்து வளர்ந்ததுதான். சின்டர்ட் வேண்டுமென்றால் பிரிட்டனின் ஈ.பி.சி., ஜப்பானின் வெஸ்ரா என்று போகலாம்.

போலிப் பெட்டிகள் அசலைப் போலவே அச்சாகி வருகின்றன. அதனால் பெட்டியை நம்பாமல் பேட்டை வெளியே எடுத்துப் பார்க்கிறேன். உராய்வுப் பொருள் தகட்டோடு சேரும் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டுங்கள். இடைவெளியோ உதிரும் தூளோ இருக்கக் கூடாது. தகட்டின் வெட்டு விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும். தகட்டில் அச்சிட்ட எண் நகம் பட்டால் அழியக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஒரே பேட்டை மூன்று விலையில் சொல்வார்கள். மிகக் குறைந்த விலை சொன்ன கடையில் பில் கேட்டுப் பாருங்கள், பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

புதுப்பேட்டையில் பழைய கேலிப்பரோ மட்கார்டோ வாங்கலாம். பழைய பேட் வேண்டாம்.

தேய்ந்த ஒரு பேட்டை மட்டும் மாற்றலாமா?

கூடாது. ஜோடியாகத்தான். முன் சக்கரத்தில் இரண்டு டிஸ்க் இருந்தால் நான்கையும்.

பின் பேட் மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

“முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்” என்று சைக்கிள் ஓட்டிய வயதிலேயே நமக்குச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் பலர் காலாலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுவதால் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்ய வேண்டும். பின் பேட் முன்பேட்டை விட வேகமாகத் தீர்கிறதென்றால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்கிப் பழகுங்கள். பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டுகிறீர்களா என்றும் ஒரு நாள் கவனியுங்கள்.

நானே மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் பாதியில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடும் மனம் வேண்டும்.

கேலிப்பரைக் கழற்றிப் பழைய பேட்டை எடுத்ததும் பிஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் கருப்பாக ஒரு அழுக்கு வளையம் படிந்திருப்பதைப் பாருங்கள். மாதக்கணக்கில் சேர்ந்த பேட் தூளும் சாலைப் புழுதியும்தான். பல பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து அப்படியே உள்ளே நெம்பிவிடுகிறார்கள். அந்த அழுக்கு ரப்பர் சீலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சில மாதங்களில் பிஸ்டன் சிக்கி, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்து பிஸ்டனைச் சுற்றிலும் தேய்த்து, துணியால் துடைத்து, அது பளபளத்த பிறகு விரலாலோ பழைய பேட்டை வைத்து அழுத்தியோ உள்ளே தள்ளுங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் வேலையின் உயிர்நாடி. தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ வேண்டாம். நுரையீரலுக்குக் கேடு.

நகரும் பின்களைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்கில் இறுக்குங்கள்.

பிறகு வண்டியை அசைக்கும் முன், லீவரைப் பலமுறை பிடித்துப் பிடித்து விடுங்கள். முதல் சில முறை லீவர் கைப்பிடி வரை வெறுமனே போகும். பிஸ்டன் வெளியே வந்து பேட்டைத் தொட்ட பிறகுதான் இறுகும். இதை மறந்து தெருவில் இறங்கினால் முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது. அதனால் லீவர் இறுகும் வரை சாவியை நான் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவேன்.

புது பேட் போட்ட பிறகு பிரேக் முன்பை விட மோசமாக இருக்கிறதே?

புது பேட்டின் முகமும் தேய்ந்த டிஸ்க்கின் முகமும் இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை. பேட்டின் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய படலமாக ஒட்டிய பிறகுதான் முழுப் பிடி வரும். போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமான அழுத்தத்தில் குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும், இப்படிப் பத்து முறை. அடுத்த 200 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஆர்கானிக்கிலிருந்து சின்டர்ட்டுக்கோ, மறுபடி பழையதற்கோ மாறினால், டிஸ்க்கை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துப் பழைய படலத்தை எடுத்துவிட வேண்டும்.

வாட்டர் வாஷ் செய்த பிறகு பிரேக் கீச்சிடுகிறது, பிடிக்கவும் இல்லை.

அழுக்குப் போக டீசல் அடித்திருப்பார்கள், கடைசியில் பளபளப்புக்கு பாலிஷும் அடித்திருப்பார்கள். அது டிஸ்க்கில் பட்டுவிட்டது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேட் எண்ணெயை உறிஞ்சியிருந்தால் காப்பாற்ற முடியாது. அடுப்பில் சுடுவது, பெட்ரோலில் ஊறவைப்பது எல்லாம் கேட்டுப் பார்த்து, செய்தும் பார்த்துவிட்டேன். இரண்டு நாளில் மறுபடியும் வழுக்குகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதும் பின் டிஸ்க்கை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் கீச்சொலி, பிடி நன்றாகவே இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. பேட்டின் முகம் கண்ணாடி போல் மின்னினால் உப்புத்தாளைச் சமதரையில் வைத்து அதன் மேல் சில முறை தேய்த்துப் போடலாம். கரகரவென்று உலோகம் உலோகத்தில் உரசும் ஓசை வந்தால் அது வேறு. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

பேட்டோடு பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் ஆம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரக் குறியீடு கொண்ட ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான குறைந்தபட்ச வரம்பே 155தான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதத்தோடு உப்புக் காற்றும் சேர்ந்து பின்களையும் பேட் தகட்டையும் அரிக்கும். அங்கே ஆண்டுக்கு ஒருமுறையாவது கேலிப்பரைத் திறந்து பாருங்கள். டப்பா மூடியில் டாட் 3 அல்லது 4 என்று எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கானால் ஆனது, இவற்றோடு கலக்கக் கூடாது.

டிஸ்க்கை எப்போது மாற்றுவது?

டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமனை மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். விளிம்பில் உரசாத பகுதி மேடாக நிற்கும் என்பதால் அங்கே அளந்தால் தவறான அளவு வரும். உரசும் பரப்பின் நடுவே மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். லீவர் பிடிக்கும்போது கையில் துடிப்பு தெரிந்தால் டிஸ்க் கோணியிருக்கலாம், அல்லது படலம் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கலாம். புது டிஸ்க் போடும்போது பழைய பேட் பாதி மிச்சமிருந்தாலும் அதையும் மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க்கின் பள்ளமும் மேடும் அந்தப் பேட்டின் முகத்தில் அப்படியே பதிந்திருக்கும்.